குடும்ப ஜெபம் வீட்டில் வேர்பிடிக்க: முழுமையான வழிகாட்டி

கம்பெனி, பள்ளி, டியூஷன் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற திருப்பூர்ப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரவு ஜெபம் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை அடியோடு நின்றுபோய், திரும்பவும் தொடங்கினோம். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருக்கிறேன். அதனால் புதிதாகத் தொடங்குகிற இளம் தாய்மார் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்க்கிறேன்.

பெரும்பாலானவர்கள் விழுவது ஒரே இடத்தில்தான். நல்ல நாளில் பொங்கி வருகிற உற்சாகத்தை வைத்து ஜெபத்தின் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள். உடம்பு அசந்துபோன நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ, அந்த அளவிலிருந்து தொடங்குங்கள். கீழே இருக்கிற வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. முதலில் வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள்

பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பது இரண்டாவது வேலை. "ஏனுங்க, ராத்திரி பத்து நிமிஷம் எல்லாருஞ் சேந்து உட்காரலாமுங்களா?" என்று அவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் முன்னால் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார். மூன்றாம் நாள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அதைப் பார்க்கிற பையன் நாலாம் நாள் கூடவே எழுந்து போவான்.

யாருக்கு எந்த வேலை என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்தில் சத்தமாக ஜெபிக்கவே கூச்சம். அதனால் வேதம் வாசிப்பது அவர், பாட்டுத் தொடங்குவது நான் என்று பிரித்துக்கொண்டோம். கூச்சப்படுகிறவரை முதல் நாளே ஜெபிக்கச் சொன்னால், அடுத்த நாள் அவர் வேலையைச் சாக்காக வைத்து ஒதுங்கிவிடுவார்.

கணவர் விசுவாசத்துக்குள் வராத வீடாக இருந்தால் அவருடைய சம்மதம் கிடைத்தாலே போதும், உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். "அப்பாவை மாத்துங்க ஆண்டவரே" என்று பிள்ளைகளின் வாயால் சத்தமாக ஜெபிக்க வைக்கவும் கூடாது. பக்கத்து அறையில் இருக்கிற மனிதருக்கு அது தன்மேல் சொல்லுகிற புகாராகத்தான் கேட்கும். அந்த ஜெபத்தை நீங்கள் தனியாகச் செய்யுங்கள்.

2. கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"இரவு 8.30, குடும்ப ஜெபம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் அந்த நேரத்தில்தான் கம்பெனியை விட்டு வெளியே வருகிறார். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் அதுவும் இல்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற வீடுகளில் ராத்திரி ஷிப்டே உண்டு.

அதனால் தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு அது சாப்பிட்ட தட்டை எடுத்த பிறகு, பாய் விரிப்பதற்கு முன்னால். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் பசியில் பிள்ளைகளின் கண் அடுப்படியிலேயே இருக்கும். பாய் விரித்த பிறகு வைத்தால் சின்னவள் இரண்டாவது வசனத்திலேயே தூங்கிவிடுவாள்.

யார் இருக்கிறார்களோ அவர்களோடு தொடங்கிவிடுங்கள். ஒருவருக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டால், அவர் வராத நாளெல்லாம் ஜெபமில்லாத நாளாகிவிடும். எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் தங்குகிற இரவுகளில் நாங்கள் மூவரும் தொடங்கிவிடுவோம். டீ நேரத்தில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்போம். அவர் நாலே வரி ஜெபிப்பார், பின்னால் ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தச் சத்தம் இல்லாமல் அவர் ஜெபித்தபோது சின்னவள், "அப்பா, இன்னைக்கு மெஷின் ஓடலையா?" என்று கேட்டாள்.

காலையில் தனியாக ஒரு ஜெபம் வைக்க ஆசை வரும். பள்ளி வேன் ஏழரைக்கு வந்து நிற்கிற வீட்டில் அது திட்டில்தான் முடியும். செருப்பு மாட்டும்போது தலையில் கை வைத்து ஒரு வரி சொல்லி அனுப்புங்கள், அது போதும்.

3. தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, பாட்டுப் புத்தகம் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று, கரண்ட் போனால் ஏற்ற மெழுகுவர்த்தி ஒன்று. இவை எல்லாம் ஒரே பையில், ஒரே ஆணியில் தொங்கட்டும். ஜெப நேரத்தில் கண்ணாடி எங்கே, புத்தகம் எங்கே என்று தேடத் தொடங்கினால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். அவர்களைத் திரும்ப உட்கார வைப்பது பெரிய பாடு.

வேதாகமத்தைப் போனில் வாசிக்க வேண்டாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு மெசேஜ் வந்து எட்டிப்பார்த்தால், பிள்ளைகளுக்கு முன்னால் உங்கள் கண்தான் முதலில் அங்கே போகும்.

எங்கிருந்து வாசிப்பது? புதியவர்கள் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, ஒரு வருடத்தில் முடித்துவிடுகிறோம் என்று பொருத்தனை பண்ணுகிறார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன, தினம் மூன்றுக்கு மேல் வாசித்தால்தான் முடியும். ஐந்தாம் அதிகாரத்து வம்சவரலாறு வந்ததும் பிள்ளைகள் நெளிவார்கள். அதைத் தாண்டிய வீடுகளும் லேவியராகமத்தில் நின்றுபோகின்றன.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவங்களும் சுருக்கம். முதல் அதிகாரத்திலேயே வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிடுகிற ஒருவர் வந்துவிடுகிறார், எந்தப் பிள்ளை காது கொடுக்காமல் இருக்கும்? ஓர் இரவுக்கு எட்டு அல்லது பத்து வசனம் என்றால் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முழுசாக முடித்தோம் என்கிற சந்தோஷம் அடுத்த புத்தகத்துக்குக் கை கொடுக்கும்.

அன்றைய பகுதியை நீங்கள் மட்டும் மத்தியானமே ஒருமுறை வாசித்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாத இடங்கள் முன்னாலேயே தெரியும். ஆறாம் அதிகாரத்தில் யோவானின் தலையை வெட்டுகிற பகுதியை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் படுக்கப்போகும் நேரத்தில் வாசிக்க முடியாது, நான் ஒரே வரியில் சொல்லிக் கடந்தேன். இன்னொன்று மொழி. இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளைகளுக்கு நித்திரை, வஸ்திரம், ஸ்திரீ எல்லாம் புது வார்த்தைகள். அன்றைக்கு வருகிற கடினமான சொற்களில் இரண்டை மட்டும் எடுத்து, வாசிக்கும் முன் பொருள் சொல்லிவிடுங்கள். பத்துச் சொல்லுக்குப் பொருள் சொன்னால் அது தமிழ் டியூஷன் ஆகிவிடும்.

4. முதல் வாரம் ஏழு நிமிடத்துக்குமேல் போகாதீர்கள்

பாட்டு, வாசிப்பு, ஒரு கேள்வி, ஜெபம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பாட்டு முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அடுப்படியில் இருக்கிறவரையும் வாசலில் விளையாடுகிறவனையும் பெயர் சொல்லிக் கத்தாமல் உள்ளே கூப்பிட்டுவிடும். வாரம் முழுவதும் ஒரே பாட்டையே பாடுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட மூன்றாம் நாள் சேர்ந்து பாடும். தினம் ஒரு புதுப் பாட்டு என்றால் அம்மா மட்டும் பாடுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

லைன் வீட்டில் இருக்கிறவர்கள் குரலைத் தணித்துப் பாடுங்கள். ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருக்கலாம். அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவருக்காக ஜெபிப்பதில் என்ன இருக்கிறது?

கத்தோலிக்க வீடுகளுக்கும் இந்த அளவு பொருந்தும். எங்கள் வீதியில் ஒரு தாய், கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்கு வருடந்தோறும் போகிற குடும்பம், ஜெபமாலையின் ஐந்து பத்தையும் சொல்ல வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டாம் பத்திலேயே சாய்ந்துவிட்டார்கள். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ் என்று ஒரே பத்தோடு நிறுத்தச் சொன்னேன். அக்டோபர் முழுவதும் விடாமல் சொன்னார்கள்.

5. வாசித்த பிறகு ஒரே ஒரு கேள்வி

"இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும்: "கீழ்ப்படியணும்", "பொய் பேசக் கூடாது". எந்தப் பகுதியை வாசித்தாலும் இந்த இரண்டும் ஒத்துவரும் என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்களைச் சம்பவத்துக்குள் இறக்கிவிடுகிற கேள்வியாகக் கேளுங்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, "அந்த வீட்டுக்காரம்மா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டேன். கால் மணி நேரம் பேச்சு நிற்கவில்லை.

சில நாள் கேள்வி அவர்களிடமிருந்தே வரும். கடலில் புயல் அடிக்கும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் என்று நாலாம் அதிகாரத்தில் வருகிறது. பின்னணியம் என்றால் படகின் பின்பக்கம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படகுக்குள்ள தண்ணி வந்துருச்சுல்லம்மா, தலையணை நனைஞ்சிருக்காதா?" என்றாள். நான் இருபது வருடமாக வாசிக்கிற பகுதி அது. தலை நனைந்தும் எழாமல் தூங்குகிற அளவுக்கு அவர் களைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பதில் வராவிட்டால் பத்து எண்ணுகிற நேரம் காத்திருந்துவிட்டு ஜெபத்துக்குப் போங்கள். நீங்களே பதில் சொல்லத் தொடங்கினால் பிரசங்கமாகிவிடும்.

6. ஜெபத்தில் சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில்

பெரியவர் முதலில் நீளமாக ஜெபித்துவிட்டால், பிள்ளைகள் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளை "கிருபையாய் இரங்கியருளும்" என்று சொல்வதைக் கேட்கப் பெருமையாக இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளை அங்கே இன்னும் வாய் திறக்கவில்லை. பேசுகிற தமிழிலேயே பேசட்டும். "இயேசப்பா, இன்னைக்கு எங்கூட யாரும் வெளையாட வரல" என்பது முழு ஜெபம்.

தொடக்கத்தில் மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, ஒரு வேண்டுதல். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லி முடித்துவிடலாம். முடிவு இன்னது என்று தெரிந்திருந்தால் பிள்ளைகள் பொறுமையாக உட்காருவார்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. மகன் நாலாம் வகுப்பில் ஒரு டெஸ்ட் பேப்பரை மறைத்துவிட்டான். அன்றிரவு ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்ல சில பேரு பொய் பேசுறாங்க, அவங்களை மன்னியுங்க" என்றேன். அவனை நேரே திட்டியிருந்தால்கூட அவன் பதில் சொல்லியிருப்பான். கண்ணை மூடி, கைகூப்பி, கடவுளிடம் சொல்வதுபோல அவனைத் திட்டினேன். அடுத்த இரண்டு வாரம் அவன் முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னான்.

இது அம்மாக்கள் எல்லோரும் எளிதாகச் செய்கிற தவறு. கண்டிக்க வேண்டியதை ஜெபத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். பேசி முடியவில்லையென்றால் நாளைக்கு வையுங்கள்.

அவன் திரும்ப ஜெபித்தது நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான். தட்டெடுக்கும்போது அடுப்படியிலேயே, "சாமி, அன்னைக்கு ஜெபத்துல ஒன்னயப் பேசுனது தப்பு, அம்மாவ மன்னிச்சுக்க" என்றேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறதே, அது தாய்க்கும் மகனுக்கும் சேர்த்துத்தான்.

7. கேட்டது கிடைக்காத நாளுக்குத் தயாராக இருங்கள்

ஜெபம் பழகிய பிள்ளை சீக்கிரமே பெரிய காரியங்களைக் கேட்கத் தொடங்கும். எங்கள் பிள்ளைகள் என் அப்பா பிழைக்க வேண்டுமென்று மூன்று மாதம் ஜெபித்தார்கள். அவர்களின் அப்பிச்சி போய்விட்டார். "நாம சரியா ஜெபிக்கலையா?" என்று மகன் கேட்டான்.

இந்த இடத்தில் சொல்லக் கூடாதவை இரண்டு. "விசுவாசம் பத்தல" என்பது ஒன்று, அந்தப் பழியை ஒரு குழந்தை வாழ்நாளெல்லாம் சுமக்கும். "ஆண்டவருக்கு அவர் வேணும்னு எடுத்துக்கிட்டார்" என்பது இன்னொன்று, அடுத்து யாரை எடுப்பாரோ என்று சின்னப் பிள்ளைக்குப் பயம் வந்துவிடும்.

நான் மாற்கு பதினாலாம் அதிகாரத்தை எடுத்தேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, அப்பா என்று கூப்பிட்டு, வரப்போகிற பாடுகளைப் பாத்திரம் என்று சொல்லி, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று கேட்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. "அவர் கேட்டதும் கெடைக்கலையா?" என்றான். "கெடைக்கல கண்ணு" என்றேன். ஏன் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை, விளக்கவும் இல்லை. சேர்ந்து அழுதோம். அன்றைக்கு அதுவே எங்கள் ஜெபம்.

நோட்டு எதற்கு என்றால் இதற்குத்தான். இடப்பக்கம் கேட்டதும் தேதியும், வலப்பக்கம் நடந்தது. நடக்காததையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதிய நோட்டைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

8. ஞாயிற்றுக்கிழமையைச் சனிக்கிழமை இரவே தொடங்குங்கள்

ஆலயத்துக்குக் கிளம்புகிற ஒரு மணி நேரத்தில்தான் வாரத்தின் பெரிய சண்டைகள் நடக்கின்றன. சனிக்கிழமை சம்பள நாள். கடை, சந்தை என்று அலைந்துவிட்டு எல்லோரும் தாமதமாகப் படுப்போம். சில ஞாயிறு காலையில் நல்ல தண்ணியும் அந்நேரம் பார்த்துத்தான் வரும்.

அதனால் துணி தேய்ப்பது, வேதாகமத்தைப் பையில் வைப்பது எல்லாம் இரவே முடியட்டும். மதியத்துக்கு அரிசியும் பருப்பும் அளந்து டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆராதனை முடிந்து வந்ததும் வெங்காயம் தாளித்துக் குக்கரில் போட்டால் அரிசிம்பருப்பு ரெடி. கறி எடுத்துச் சமைத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் பிரசங்கம் முழுவதும் மனசு அடுப்பில்தான் இருக்கும்.

காணிக்கையைப் பிள்ளையின் சொந்தக் காசிலிருந்து, அதன் கையாலேயே கவரில் போடச் சொல்லுங்கள். ஆலய வாசலில் நீங்கள் பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தால், அந்தப் பிள்ளை உங்கள் பணத்தைத் தட்டில் போடுகிற ஆள் மட்டும்தான்.

9. நோம்பி (பண்டிகை) நாட்களில் பக்கத்து வீட்டோடு

மாரியம்மன் நோம்பிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பொங்கலும் பலகாரமும் வரும். வாங்குவதா, சாப்பிடுவதா என்பதில் கிறிஸ்தவ வீடுகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. படைத்த உணவைச் சாப்பிடுவது பற்றிச் சொல்லுகிற 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து வாசித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அந்த முடிவைப் பிள்ளைகளுக்கு நோம்பிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கதவு தட்டின பிறகு உள்ளே குசுகுசுவென்று பேசினால் வந்தவருக்கும் மனசு வருந்தும், பிள்ளைக்கும் குழப்பம்.

முடிவு எதுவானாலும், அடுத்தவர் சாமியைப் பற்றி இழிவாக ஒரு வார்த்தை பிள்ளைகளின் காதில் விழக் கூடாது. என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் நான் வேலையிலிருந்து வரும்வரை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்காதான்.

10. பண்டிகைக் காலத்தில் கூட்டிக்கொள்வது

டிசம்பர் 1 முதல் தினம் ஓர் அதிகாரம் லூக்கா வாசித்தால், 24 அதிகாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடியும் என்று பலரும் தொடங்குகிறார்கள். பெரிய பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சரி. முதல் அதிகாரமே 80 வசனம். சின்னப் பிள்ளைகளோடு முதல் இரண்டு அதிகாரத்தை மட்டும் மாதம் முழுவதும் பிரித்து வாசியுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் எதையாவது விடுவதானால் பெரியவர்கள் முதலில் விடுங்கள். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டு பிள்ளையை மிட்டாயை விடச் சொல்வது எடுபடாது.

11. நின்றுபோனால்

நிற்கும். பரீட்சை, காய்ச்சல், ஊர்ப் பயணம், ஒரு சண்டை. எங்களுக்கு இரண்டாம் முறை நின்றது ஐந்து மாதம்.

திரும்பத் தொடங்கும்போது விட்ட பகுதியைச் சேர்த்து வாசிக்காதீர்கள், நீளமான மன்னிப்பு ஜெபமும் வேண்டாம். முதல் நாளே கனமாக இருந்தால் இரண்டாம் நாள் வராது. நாங்கள் 117ஆம் சங்கீதத்தோடு தொடங்கினோம். இரண்டே வசனம்தான், ஒரு பாட்டு, பரமண்டல ஜெபம், பாய் விரித்தாயிற்று. அசதியான நாளுக்கென்று அந்தச் சங்கீதத்தில் ஒரு ரிப்பனே வைத்திருக்கிறேன்.

12. வளர்ந்த பிள்ளை வரமாட்டேன் என்றால்

பத்தாம் வகுப்பு வந்ததும் மகன், "எனக்கு ஜெபிக்கத் தோணலைம்மா" என்றான். ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. "சரி சாமி, வந்து உட்காரு போதும்" என்றேன். தோன்றாத ஜெபத்தைச் சொல்ல வைத்தால் வாயால் ஒன்று, மனசால் ஒன்று என்று பழகிவிடுவான். அவன் முறை வரும்போது ஒரு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போவோம். அந்த அமைதியை யாரும் நிரப்பக் கூடாது என்பதுதான் எங்கள் விதி.

ஒரு பொறுப்பை மட்டும் அவனிடம் விட்டோம். சின்னவளுக்குக் கடினமான சொல் வந்தால் பொருள் சொல்வது அவன் வேலை. அதற்காக அவனும் மத்தியானமே, இல்லாவிட்டால் டியூஷன் விட்டு வந்ததும், அன்றைய பகுதியை ஒருமுறை பார்த்து வைக்கிறான். போன வாரம், இறந்துபோன யவீருவின் மகளை இயேசு எழுப்புகிற பகுதி. "தலீத்தாகூமி"க்குச் சிறுபெண்ணே எழுந்திரு என்று பொருள் சொல்லிவிட்டு, "கடைசி வசனத்தைப் பாரும்மா, எந்திரிச்ச புள்ளைக்குச் சாப்பிடக் குடுக்கச் சொல்றாரு" என்று அவனே காட்டினான். ஜெபத்தில் அவன் முறை வந்தபோது அன்றைக்கும் அமைதிதான். காத்திருந்துவிட்டு அடுத்தவருக்குப் போனோம்.